தயாரிப்பு மேலாளர் எங்கிருந்து வருகிறார்?

(மேட்டுப்பாளையத்தில் நடந்த உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்கள் கூட்டத்தில், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் முன்னாள் அரசுப் பள்ளி மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு அழைத்தபோது ஒருங்கிணைப்பாளர் அம்மா என்னிடம் ஒரு கேள்வியைச் சொன்னார். அதற்குப் பதில் சொன்னால் போதும், வேறு எதுவும் பேச வேண்டாம் என்றும் சொன்னார். "200-க்கு 130, 140 கட்-ஆஃப் எடுத்த பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம். கலந்தாய்வில் அவர்களுக்குக் கிடைப்பது யாரும் கேள்விப்படாத ஒரு கல்லூரி. வீட்டில் நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடுகிறார்கள். நான்கு வருடம் கழித்து அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்? நாங்கள் என்ன சொல்லி அனுப்புவது?"

நியாயமான கேள்வி. நானும் அந்தக் கட்-ஆஃப்காரன்தான். நான் படித்த பொறியியல் கல்லூரியின் பெயரைச் சொன்னால், அந்த வழியாகப் போகும் பேருந்தின் நடத்துநரே "அது எந்த ஸ்டாப்புங்க?" என்று கேட்பார். இப்போது கோவையில் புராடக்ட் மேனேஜராக வேலை செய்கிறேன். தமிழில் தயாரிப்பு மேலாளர் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் பெரியப்பா, "அதென்ன கண்ணு, மில்லு மேஸ்திரி மாதிரியா?" என்கிறார். அவர் அப்படிக் கேட்பதில் பெரிய தவறில்லை. பெயர் அப்படித்தான் இருக்கிறது.

வேலை என்ன என்பதை உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். காலையில் வருகைப் பதிவு செய்ய ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். வகுப்பில் 40 பெயர்கள். 38 பேர் வந்திருக்கிறார்கள். வந்த 38 பேரையும் ஒவ்வொருவராகத் தொட வேண்டுமா, வராத 2 பேரை மட்டும் தொட்டால் போதுமா? மலையோரப் பள்ளியில் சிக்னல் இல்லை. அப்போது பதிவு கைபேசியிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேருமா, அல்லது ஆசிரியர் மதியம் மறுபடி உட்கார வேண்டுமா? தவறாகத் தொட்டுவிட்டால் திருத்த முடியுமா? இந்தக் கேள்விகளை எல்லாம் யாரோ ஒருவர் முன்கூட்டியே கேட்டு, எதை இப்போது செய்வது, எதைப் பிறகு செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த ஆள்தான் புராடக்ட் மேனேஜர். நிரல் எழுதுபவர் வேறு, திரையை வரைபவர் வேறு, விற்பவர் வேறு. இவர்கள் யாருக்கும் அவர் மேலதிகாரி அல்லர். ஆனாலும் அவர் சொல்வதை இவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பயன்படுத்துகிறவரின் சிரமம் அந்த அறையில் மற்ற எல்லாரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும் என்றால்தான் ஏற்பார்கள்.

இந்த வேலைக்குக் கணினியை விட வயது அதிகம். அமெரிக்காவில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக் கம்பெனியில் கேமே என்ற சோப்பின் விளம்பரத்தைக் கவனித்து வந்த நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர், 1931 மே மாதம் மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். ஒவ்வொரு சோப்புக்கும் அதை மட்டுமே கவனிக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் எந்த ஊரில் விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் விற்கவில்லை என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய புராடக்ட் மேனேஜர் வேலையின் வேர் என்று பலரும் காட்டுவது அந்தக் குறிப்பைத்தான். மொழிப்பாட ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலை பிறந்ததே தெளிவாக எழுதிய மூன்று பக்கத்திலிருந்து.

கசப்பான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் 2002-ல், புதிதாகப் படித்து வரும் பட்டதாரிகளையே புராடக்ட் மேனேஜர்களாகப் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் பல நிறுவனங்கள் அதே வழியில் போயின. நம் நாட்டில் அந்த வாசல் பெரும்பாலும் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். போன்ற வளாகங்களில்தான் திறக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளுக்கு அந்த நிறுவனங்கள் வருவதில்லை. விண்ணப்பம் அனுப்பினாலும் கல்லூரிப் பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடுவது நடக்கிறது. "திறமை இருந்தால் போதும், எல்லாம் தானாக வரும்" என்று மாணவரிடம் சொல்லி அனுப்பாதீர்கள். தானாக வராது.

ஆனால் கட்டடத்துக்கு ஒரே வாசல்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. கிரீஷ் மாத்ருபூதம் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருச்சிக்காரர். தஞ்சாவூர் அருகே சண்முகா பொறியியல் கல்லூரியில் படித்தார். இன்று அது சாஸ்த்ரா பல்கலைக்கழகமாகி நல்ல பெயரோடு இருக்கிறது. அவர் படித்த 1990-களில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன தனியார் கல்லூரி. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தார். 2001-ல் அட்வென்ட்நெட்டில் சேர்ந்தார். இன்று நாம் ஸோஹோ என்று சொல்கிறோமே, அதே நிறுவனம். சேரும்போது அவருக்குக் கிடைத்தது ப்ரீ-சேல்ஸ் இன்ஜினியர் வேலை.

அது என்ன வேலை? ஜவுளிக்கடையில் புடவையை விரித்துக் காட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் முன்னால் மென்பொருளை விரித்துக் காட்டி, அவர் கேட்கும் தொழில்நுட்பக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தப் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், சொல்லாமல் விட்ட காரணம் என்ன என்பதெல்லாம் கல்லாவில் இருக்கும் முதலாளியை விடப் புடவையை விரிப்பவருக்குத்தான் தெரியும். அந்த இடத்திலிருந்து அவர் அதே நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜ்மென்ட் துணைத்தலைவர் வரை உயர்ந்தார்.

அவரைப் பற்றி இன்னொரு கதை உண்டு, அவரே பல மேடைகளில் சொன்னது. அமெரிக்காவிலிருந்து சென்னை திரும்பியபோது அவர் வீட்டுச் சாமான்களோடு வந்த டி.வி. உடைந்து போயிருந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தும் பலனில்லை. நாடு திரும்பும் இந்தியர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் நடந்ததை எழுதினார். சாமான்களை அனுப்பிய கம்பெனியின் தலைவரே அங்கே வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்து சேர்ந்தது. நாமாக இருந்தால் "அப்பாடா" என்று அத்தோடு விட்டிருப்போம். வாடிக்கையாளரின் குறை இனிமேல் தொலைபேசியில் மட்டும் வராது, ஊர் பார்க்கும் இடத்தில் வரும் என்பது அவர் மனத்தில் தங்கிவிட்டது. 2010-ல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். குறைகேட்கும் மையங்களுக்கான மென்பொருள். அந்த நிறுவனம்தான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

ஒரு கிரீஷைக் காட்டி எல்லாருக்கும் இது நடக்கும் என்று சொன்னால் அது ஏமாற்று வேலை. அவர் எட்டிய உயரத்தை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். எந்தக் கதவு வழியாக உள்ளே போனார் என்று மட்டும் பாருங்கள். வாடிக்கையாளருக்கு அருகில் இருக்கும் கதவு அது. அதைப் போல இன்னும் மூன்று நான்கு கதவுகள் இருக்கின்றன. வாடிக்கையாளர் உதவிப் பிரிவு; மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் பிரிவு; வாங்கியவரிடம் போய் நிறுவிக் கொடுக்கும் பிரிவு; எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதிக் கொடுக்கும் பிரிவு. பெரிய கல்லூரிப் பிள்ளைகள் பொதுவாக இந்த வேலைகளைத் தேடி வருவதில்லை. நம் பிள்ளைகளும் "இது கோடிங் வேலை இல்லையே" என்று தயங்குகிறார்கள். பெற்றோரும் உறவினரும் "இன்ஜினியரிங் படிச்சுட்டு போன்ல பேசற வேலையா?" என்கிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்க உங்கள் வார்த்தை வேண்டும்.

நான் போனதும் உதவிப் பிரிவுக்குத்தான். இரவுப் பணி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. ஒரு நோட்டில் எந்தக் கேள்வி எத்தனை முறை வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே போடுவோமே, நேர்க்கோட்டுக் குறிகள், நீங்கள் கணக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. அதே குறிகள்தான். மூன்று மாதம் ஆனபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கேள்விகள் ஒரே ஒரு திரையைப் பற்றியவை என்று தெரிந்தது. அதை ஒரு பக்கத்தில் எழுதி, எண்களோடு மேலே கொடுத்தேன். அந்தத் திரையை மாற்றினார்கள். நான் புராடக்ட் குழுவுக்குப் போக அதன்பின் இன்னும் இரண்டு வருடம் ஆனது. சினிமா போல ஒரே பாட்டில் நடக்கவில்லை.

இப்போது நான் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து நேர்காணல் செய்கிறேன். அண்மையில் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரோடு பக்கம் ஒரு சிறிய கல்லூரி. எங்கள் குழுவில் யாருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. "நீங்களாகச் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்றோம். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில் கடையில் வாங்கிய புராஜெக்டை ஒப்பிப்பார்கள். இந்தப் பெண் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்.

வெள்ளிக்கிழமை இரவு பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்களாம். எத்தனை பேர் இருப்பார்கள் என்று சமையல் செய்யும் அக்காவுக்குத் தெரியாது. ஒரு வாரம் சாதம் மீந்து கொட்டப்படும், மறுவாரம் போதாமல் கடைசியில் வருபவர்களுக்கு இருக்காது. இவர் கைபேசியில் ஒரு படிவம் செய்தார்: "இன்று இரவு சாப்பிடுவீர்களா?" முதல் வாரம் எல்லாரும் நிரப்பினார்கள். மூன்றாம் வாரம் யாரும் தொடவில்லை. "ஏன் தொடவில்லை?" என்று நான் கேட்டேன். "நிரப்புகிறவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லீங்க சார். சாப்பாடு எப்படியும் கிடைக்கும் என்று நினைப்பாங்க" என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? வார்டன் மேசையில் ஊருக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடு இருந்தது. போகிறவர் அதில் கையெழுத்துப் போடாமல் வாசலைத் தாண்ட முடியாது. மாலை 4 மணிக்கு அந்தப் பதிவேட்டைப் பார்த்து எண்ணி, சமையலறைச் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதிவிடுவார். செயலியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்.

கணினித் துறையில் வேலை கேட்டு வந்த பெண் "செயலி வேண்டாம்" என்ற முடிவைத் தன் சாதனையாகச் சொன்னதும் எங்கள் குழுவில் இருந்த மூத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். அதன்பின் அந்த அறையில் யாரும் அவருடைய கல்லூரியைப் பற்றிப் பேசவில்லை. வேலை கொடுத்தோம். ஆங்கிலம் தடுமாறியது, ஆறு மாதத்தில் சரியானது.

படிவம் பொய் சொல்லும் என்பதை நம் கோவைக்காரர் ஒருவர் இருபது வருடத்துக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார். அருணாசலம் முருகானந்தம். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்தவர், 2016-ல் பத்மஸ்ரீ பெற்றவர். 14 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். அவர் கதை எல்லாருக்கும் தெரியும், படமே வந்துவிட்டது. ஆனால் அதில் ஓர் இடத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. தான் செய்த நாப்கின்களை மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்து, கருத்துப் படிவமும் கொடுத்தார். நிரப்பிய படிவங்கள் திரும்பி வந்தன. ஒருநாள் போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று மாணவிகளே உட்கார்ந்து எல்லாருக்குமான படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பதிவேடுகளோடு வாழும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அதன்பின் அவர் தானே அணிந்து சோதித்துப் பார்த்தார். ஊர் சிரித்தது. பெரிய கம்பெனிகளின் நாப்கினில் இருப்பது சாதாரணப் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டறியவே அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. எங்கள் துறையில் 'யூசர் ரிசர்ச்' என்று ஒரு வகுப்பு எடுப்பார்கள். முருகானந்தம் செய்ததை விடச் சிறந்த பாடம் அதற்கு எனக்குத் தெரியவில்லை. கோவை கிரைண்டரையும் இப்படிப் பார்க்கலாம். மாவு அரைக்க இயந்திரம் வந்தது முதல் படி. அரைத்த மாவைக் கனமான கல்லை வைத்துக்கொண்டு எப்படி வழித்தெடுப்பது என்று ஒரு பெண்ணின் இடுப்பு வலியை யாரோ கவனித்திருக்கிறார்கள். சாய்க்கும் கிரைண்டர் வந்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இவ்வளவு பெரிது எதற்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். மேசைமேல் வைக்கும் கிரைண்டர் வந்தது. நம் மண்ணுக்கு இந்த வேலை புதிதில்லை, பெயர்தான் புதிது.

சரி, பள்ளியில் என்ன செய்யலாம்? ஒரு பயிற்சி சொல்கிறேன், செலவில்லாதது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை ஒரு சனிக்கிழமை காலை, பெரியவர் ஒருவர் துணையோடு, நம் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். ஊட்டி, கோத்தகிரி, சத்தி, கோவை என்று நாலு பக்கமும் போகிற ஊர் இது. மக்கள் ஒருவரையொருவர் என்ன கேட்கிறார்கள் என்று நேர்க்கோட்டுக் குறி போட வேண்டும். "ஊட்டி பஸ் எங்கே நிற்கும்?" எத்தனை பேர்? "இது குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?" எத்தனை பேர்? பலகையைப் பார்த்த பிறகும் கேட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு எழுத்து தெரியாதா, கண் தெரியவில்லையா, அல்லது பலகையே தப்பான இடத்தில் இருக்கிறதா? திங்கட்கிழமை வந்து ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்: சிரமம் என்ன, யாருக்கு, எத்தனை பேருக்கு, ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் எதைச் செய்வாய். தமிழிலேயே எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

உருளைக்கிழங்கு மண்டியிலும் இதைச் செய்யலாம். அப்பாவோ மாமாவோ மண்டியில் வேலை செய்கிற பிள்ளை எந்த வகுப்பிலும் ஒருவர் இருப்பார். மூட்டை வந்து இறங்குவது முதல் விவசாயி கைக்குப் பணம் போவது வரை எத்தனை இடத்தில் எழுதுகிறார்கள், ஒரே எண்ணை எத்தனை தடவை மறுபடி எழுதுகிறார்கள் என்று அவர் வந்து வகுப்புக்குச் சொல்லட்டும். பெரும்பாலும் அவர் கடைசி பெஞ்சில்தான் இருப்பார். அன்று ஒருநாள் முன்னால் நிற்கட்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இதில் எங்களுக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். "ஏன் டீச்சர் இப்படி?" என்று கேட்கும் குழந்தை உங்களிடம்தான் முதலில் வருகிறது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் அந்தக் குழந்தைக்கு "அதிகப்பிரசங்கி" என்ற பட்டம் கிடைத்துவிட்டால், இருபது வயதில் நாங்கள் நேர்காணலில் கேட்கும்போது பேச வராது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் நகை அடகில் இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத முன்னுரிமை இடங்கள் உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்களுக்கு இது மனப்பாடம். ஆனால் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, "கலந்தாய்வுக்கு ஏன் அலையறீங்க, நேரடியா சீட் வாங்கித் தர்றேன்" என்று சொல்லும்போது, அதைக் கேட்டு அந்தச் சலுகையைக் கைவிடும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். பெயர் தெரியாத கல்லூரியில் அரசு செலவில் படிப்பது ஒன்று. அதே தரத்துக் கல்லூரியில் கடன் வாங்கிப் படிப்பது வேறு. கடன் உள்ள பிள்ளை உதவிப் பிரிவில் இரண்டு வருடம் பொறுமையாகக் கற்றுக்கொள்ள முடியாது. மாதத் தவணை விடாது.

இறுதியாண்டில் இன்னொரு வலை வரும். "மூன்று மாதத்தில் புராடக்ட் மேனேஜர்" என்று சான்றிதழ் விற்கும் படிப்புகள். லட்சக்கணக்கில் கேட்பார்கள். அந்தச் சான்றிதழைப் பார்த்து நான் யாரையும் தேர்வு செய்ததில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல மடிக்கணினி வாங்கிக்கொண்டு, நான் முதல்வன் திட்டத்தில் கிடைக்கும் பயிற்சிகளைச் செய்துவிட்டு, பத்துப் பேர் உண்மையிலேயே பயன்படுத்தும் ஏதாவது ஒன்றைச் செய்யட்டும். விடுதிக் கரும்பலகையாக இருந்தாலும் சரி.

பொறியியலே வேண்டாம், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு ஸோஹோ நடத்தும் பள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள். பிளஸ் 2 முடித்தவர்களையும் டிப்ளமோ படித்தவர்களையும் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, உதவித்தொகை கொடுக்கிறார்கள். பட்டம் கிடைக்காது என்பதையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வீடுகளில் அது பெரிய விஷயம். இன்னொன்று, மென்பொருள் தயாரிப்பு என்றால் பெங்களூருதான் என்ற எண்ணமும் மாற வேண்டும். 2011-ல் தொடங்கிய கோவை.கோ போன்ற நிறுவனங்கள் கோவையில் இருந்துகொண்டே உலகம் முழுக்க விற்கின்றன. இங்கிருந்து ஒரு பேருந்து தூரம். பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளில் இந்த ஒரு தகவலே முடிவை மாற்றும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க உதவும்போது "வேலைவாய்ப்பு 95 சதவீதம்" என்ற விளம்பரப் பலகையை விட்டுவிடுங்கள். கடந்த வருடம் படித்து முடித்த, நம் பள்ளியின் முன்னாள் மாணவர் இரண்டு பேரைத் தொலைபேசியில் பிடியுங்கள். எந்த நிறுவனம், என்ன வேலை, கையில் எவ்வளவு சம்பளம், ஒரு வருடம் கழித்தும் அதே இடத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். கல்லூரிப் பேருந்தில் தினமும் எத்தனை மணி நேரம் போனது என்றும் கேளுங்கள். நான் தினமும் மூன்று மணி நேரம் பேருந்தில் இருந்தேன். அதில் தூங்கத்தான் முடிந்தது.

உங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் கைபேசி எண்களோடு ஒரு நோட்டு வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அதை இந்த வாரமே தொடங்கலாம். அதில் என் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், கூட்டம் முடிந்ததும் தருகிறேன். பின் வரிசையில் ஐயா ரொம்ப நேரமாகக் கை தூக்கி வைத்திருக்கிறார். முதலில் அவர் கேட்கட்டும்.